ஐஸ் அக்காவின் ஊதா முத்திரை

உங்கள் பிள்ளை பள்ளி மைதானத்தில் விழுந்து, காலைச் சுளுக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்த அன்று, நீங்கள் கேட்ட முதல் கேள்வி என்ன? "பார்த்து விளையாட மாட்டியா?" என்பதுதானே?

மழுப்ப வேண்டாம். எல்லோரும் அதைத்தான் கேட்கிறோம். அது கேள்வியே இல்லை, கேள்விக்குறி போட்ட தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை ரப்பரில் செதுக்கி, மரப்பிடி மாட்டி, மையில் ஒற்றித் தாளில் அடிப்பதற்கென்று ஒரு பள்ளியில் ஓர் ஆள் இருக்கிறார். பதினோரு வருடமாக அடிக்கிறார். கெட்டவர் இல்லை. அந்தப் பள்ளியில் பிள்ளைகளின் கால்களைப் பற்றி உண்மையாகக் கவலைப்படும் ஒரே மனிதர் அவர்தான். வெட்கக்கேடு அங்கேதான் இருக்கிறது.

பள்ளி முழுக்க அவருக்கு 'ஐஸ் அக்கா' என்றுதான் பெயர். முதலுதவி அறைப் பொறுப்பாளர். எந்த அடிக்கும் முதலில் ஐஸ், பிறகுதான் பேச்சு. வயது முப்பத்தெட்டு.

அறை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. முன்பு பந்துகள் போட்டு வைத்த இடம். படிக்கட்டின் சரிவுதான் கூரை. உயரமான பிள்ளைகள் கட்டாயம் தலையில் இடித்துக்கொள்வார்கள். முதலுதவிக்கு வந்த இடத்தில் அடிபட்டவர்களின் கணக்கைத் தனியாக வைக்க வேண்டும் என்று அக்கா சிரிப்பார். மணி அடித்ததும் அத்தனை வகுப்பும் தலைக்கு மேல் தடதடவென்று இறங்கும். சுண்ணாம்பு உதிரும். அவர் பேச்சை நிறுத்தாமலே பஞ்சு டப்பாவின் மேல் கையைக் கவிழ்த்துக்கொள்வார். ஒரே ஜன்னல். பந்து வந்து விழக்கூடாது என்று அதற்குக் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். அதனால் மைதானம் அவருக்கு எப்போதும் சின்னச் சின்னக் கட்டங்களாகவே தெரியும்.

மேசை இழுப்பறையில் விபத்து அறிக்கைப் படிவங்கள். பெயர், வகுப்பு, நேரம், இடம், அடிபட்ட உறுப்பு. கடைசியில் 'காரணம்'. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கட்டம். எப்போதோ ஓர் எழுத்தர், ஒரே வாசகத்தைத் தினமும் எழுதிக் கை வலித்து, முத்திரை செய்யச் சொல்லியிருக்கிறார். 'மாணவரின் கவனக்குறைவு.' ஊதா மை. கட்டத்துக்குள் இம்மி பிசகாமல் உட்காரும்.

அந்த முத்திரையை அக்கா முதன்முதலில் பார்த்தது வேலைக்கு வந்தபோது இல்லை. பதினைந்து வயதில், இதே பள்ளியில், நானூறு மீட்டர் ஓடும்போது வளைவில் விழுந்தார். வலது முட்டி. அன்று அவர் படிவத்திலும் அது விழுந்தது. அந்த முட்டி இன்றும் பூட்டிக்கொள்ளும். படி இறங்கும்போது நடுவில் நிற்பார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காலை லேசாக ஆட்டி, அது விடுபடும்வரை காத்திருப்பார். பின்னால் வருபவர்கள் அவர் ஏதோ யோசிப்பதாக நினைத்துச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

"அன்னிக்குக் கொஞ்சம் பார்த்து ஓடியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று அவர் அம்மா இருபத்து மூன்று வருடமாகக் கேட்கிறார். திட்டாகக்கூட இல்லை, சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்லும் பழக்கமாக. மகளும் நம்பிவிட்டார். தன் கவனக்குறைவுக்குத் தண்டனையாக ஆயுள் முழுக்க ஒரு முட்டி.

நம்பிக்கை ஆடத் தொடங்கியது இரண்டு வருடத்துக்கு முன்னால். ஒரே வாரத்தில் மூன்று பெண்கள் ஒரே மாதிரி கணுக்காலை மடக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது பெண்ணின் ஷூவைக் கழற்றியபோது முனையில் கசக்கிய செய்தித்தாள் இருந்தது.

"யாரோட ஷூ இது?"

"ஸ்கூலோடதுக்கா. பொதுப் பெட்டியில இருந்து எடுத்தது. ஏழு சைஸ்தான் இருந்துச்சு."

"உன் சைஸ்?"

"அஞ்சு. பேப்பர் வச்சா சரியாயிடும்னு சொன்னாங்க."

மூன்று பேரின் காலையும் மடக்கியது ஒரே ஜோடி ஷூ. மூன்று படிவத்திலும் ஒரே முத்திரை. மூன்று பேருக்கும் ஒரே வாரத்தில் கவனம் குறைந்ததாம்! தொற்றுநோய் மாதிரி பரவியிருக்கிறது போலும்.

அன்றே ஒரு கோடுபோட்ட நோட்டு வாங்கினார். ஐஸ் பையை அழுத்திப் பிடித்திருக்கும் பத்து நிமிடத்தில் எல்லோரிடமும் ஒரே கேள்விகள். இதே இடத்தில் முன்னால் அடிபட்டிருக்கிறதா? எத்தனை நாள் கழித்து ஓடத் தொடங்கினாய்? ஷூ யாருடையது? நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்? உடம்பைச் சூடாக்கிக்கொண்டு இறங்கினாயா? ஐஸுக்கு அடியில் கால் இருக்கும்போது பிள்ளைகள் பொய் சொல்வதில்லை.

இரண்டு வருடத்தில் எழுபத்து நான்கு பேர். அதில் முப்பத்தொரு பேர் முன்பே அடிபட்ட அதே காலில் மறுபடி அடிபட்டவர்கள். பாதிக்குமேல், தேர்வு முடிந்து மைதானம் திறந்த முதல் மூன்று வாரத்தில் விழுந்தவர்கள். இரண்டு மாதம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஒரே நாளில் ஆறு சுற்று ஓடு என்றால் தசை என்ன பள்ளி நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டதா? டியூஷனும் வீட்டு வேலையும் முடித்து ஐந்து மணி நேரம் தூங்கியவர்கள், ஒரே சமயத்தில் இரண்டு அணிகளுக்கு ஆடியவர்கள், வலியைச் சொன்னால் அணியிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டவர்கள். கவனமில்லாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டே விழுந்தவர்களும் உண்டு. நான்கு பேர்.

நோட்டை உடற்பயிற்சி மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, ஒரு பீரியட் நாப்பது நிமிஷம். அறுபது பேர். ட்ரெஸ் மாத்திட்டு வரவே பன்னெண்டு நிமிஷம் ஓடிடும். இதுல வார்ம்-அப்பும் பண்ணச் சொன்னா, இவங்க விளையாடறது எப்போ, நான் ரிட்டயர் ஆனதுக்கு அப்புறமா?"

"அந்த ஷூ பெட்டியையாவது..."

"புது ஷூ கேட்டு நாலு வருஷமா எழுதறேன். அவங்களுக்குக் கப்பு வேணும். கப்பு வாங்கினா நல்ல மாஸ்டர், வாங்கலைன்னா வேற மாஸ்டர். உங்க நோட்டை நான் எங்கக்கா வைக்கிறது?"

அவரையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. அவரும் ஒரு கட்டத்துக்குள்தான் நின்றார், கொஞ்சம் பெரிய கட்டம்.

இந்த வருடம் ஸ்பிரிங் வந்தாள். பத்தாம் வகுப்பு, நானூறு மீட்டர். நிற்கச் சொன்னாலும் குதிகால் தரையில் படாது என்பதால் அந்தப் பெயர். இடது கணுக்கால் சுளுக்கி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. பள்ளிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி மறுநாள். ஓடத் தகுதியானவள் என்று முதலுதவி அறையிலிருந்து ஒரு சீட்டு வேண்டும்.

"கண்ணை மூடிட்டு ஒத்தக் கால்ல நில்லு."

"எதுக்குக்கா, கொக்கு மாதிரி?"

"கொக்காவே இரு. நில்லு."

வலது காலில் முப்பது விநாடி நின்றாள். இடது காலில் ஆறாவது விநாடியில் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு."

"ஃபைனல்ல யாரும் கண்ணை மூடிக்கிட்டு ஓட மாட்டாங்கக்கா. ப்ளீஸ். இதுல ஜெயிச்சாத்தான் விளையாட்டு விடுதியில இடம். எங்க வீட்டுல ஒரு ரூம்ல அஞ்சு பேரு. எனக்குப் படிக்கக்கூட இடமில்லை."

அக்கா கையெழுத்துப் போடவில்லை. அரை மணி நேரத்தில் தலைமையாசிரியையிடமிருந்து அழைப்பு. அவர் கத்தவில்லை. மேசை நாட்காட்டியைத் திருப்பிக்கொண்டே, "உங்க ஒப்பந்தம் இந்த மாசம்தானே புதுப்பிக்கணும்?" என்றார். அவ்வளவுதான். மிரட்டல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தேதிதானே கேட்டார்.

அப்போதும் அக்கா கையெழுத்துப் போடவில்லை. தேவையும் படவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு மருத்துவர், ஷூவைக்கூடக் கழற்றச் சொல்லாமல் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஸ்பிரிங் ஓடினாள். ஜெயித்தாள்.

காலை வணக்கக் கூட்டத்தில் கோப்பையைத் தூக்கிக் காட்டினார்கள். மாஸ்டர் மைக்கை மூடிக்கொண்டு, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "என்னக்கா, உங்க நோட்டு இப்போ என்ன சொல்லுது?" என்றார். ஆசிரியர்கள் வரிசை சிரித்தது. அக்காவும் சிரித்தார். வேறு என்ன செய்வது?

இந்தச் சிரிப்பை நாம் நன்றாக அறிவோம். சிவப்பு விளக்கில் சாலையைக் கடந்த ஒருவர் முழுசாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால், விளக்கைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. ஆபத்து அதிகம் என்று சொல்வது ஜோசியம் இல்லை. இன்ன தேதியில் இன்னார் விழுவார் என்று எந்த நோட்டும் சொல்லாது. நூறு பேரை இப்படி ஓட விட்டால் இத்தனை பேர் விழுவார்கள் என்று மட்டும் சொல்லும். விழாத ஒருவரைக் காட்டி அதைப் பொய்யாக்க முடியாது. ஆனால் நம் ஊர்களில் கோப்பை கையில் இருப்பவர் பேச்சுக்குத்தான் சான்று தேவையில்லை.

அவள் ஜெயித்த பதினேழாம் நாள். மதிய உணவுக்குப் பிந்தைய முதல் பீரியட். போட்டி எதுவும் இல்லை, பார்க்கவும் யாரும் இல்லை. ஸ்பிரிங் ஒரு பந்தைத் துரத்திப்போய்த் திரும்பினாள். இடது கணுக்கால் சாய்ந்தது. உடம்பு ஒரு பக்கம் போக, முட்டி மறுபக்கம் திருகியது. அக்கா அதைக் கம்பிவலையின் ஒரு கட்டத்தில் பார்த்தார். விழுந்தவள் அடுத்த கட்டத்தில் கிடந்தாள்.

அவள் காலில் பொதுப் பெட்டியின் அந்த ஏழு சைஸ் ஷூ. அக்கா ஐஸ் பையோடு குனிந்தபோது அந்தப் பெண் வலியைச் சொல்லவில்லை. முதலில் சொன்னது இதுதான்: "அக்கா, நான் பார்த்துத்தான் ஓடினேன்."

அக்கா ஐஸ் பையை முட்டியில் வைத்து அழுத்தினார். இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் தானும் அதே வார்த்தையைச் சொன்னது அவருக்கு நினைவிருந்தது.

முட்டியில் தசைநார் அறுந்திருந்தது. அறுவை சிகிச்சை, வீட்டில் ஓய்வு. விபத்துப் படிவம் பதினைந்து நாளுக்குள் அலுவலகத்தில் ஏறினால்தான் அந்த நாட்கள் மருத்துவ விடுப்பு. இல்லையென்றால் வருகை குறைந்து, தேர்வு எழுத விடமாட்டார்கள்.

அக்கா காரணக் கட்டத்தில் கையால் எழுதினார். 'ஒன்பது நாளில் மீண்டும் ஓட்டம். பொருந்தாத ஷூ.' எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் இறங்கியது. படிவம் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. தனித் தாளில் எழுதி ஒட்டிக் கொடுத்தார். தலைமையாசிரியை நேரில் கூப்பிட்டார்.

"இது விபத்துப் படிவமா, கட்டுரைப் போட்டியா?"

"நடந்ததைத்தான் எழுதினேன் மேடம்."

"நடந்ததை எழுத ஒரு முறை இருக்கு. முத்திரை இல்லாம இது இந்த மேசையைத் தாண்டாது. அந்தப் பொண்ணோட வருஷம் உங்க கையிலதான் இருக்கு. யோசிங்க."

மூன்றாவது முறை ஒரு வார்த்தையும் இல்லை. புதிய படிவம் ஒன்று அவர் மேசையில் இருந்தது. அதன்மேல், இழுப்பறையிலிருந்து யாரோ எடுத்து வைத்த முத்திரை. விபத்து நடந்து அன்று பதின்மூன்றாம் நாள்.

யோசித்துப் பாருங்கள், எந்தப் பக்கம் கதவு திறந்திருந்தது? அடித்தால், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தன் முட்டியைத் தானே உடைத்துக்கொண்டதாக ஆயுள் முழுக்க நம்புவாள். அடிக்காவிட்டால், அவளுக்கு ஒரு வருடம் போகும். வேலையை விட்டுப் போனால், நாளைக்கு வேறொருவர் வந்து கூசாமல் அடிப்பார். ஒரு மனிதரின் நேர்மையையே அவருக்கு எதிராகத் திருப்பிப் பிடித்து நிறுத்துவதற்கு, ஒரு மரப்பிடியும் கொஞ்சம் மையும் போதுமாக இருந்தது.

முத்திரை இல்லாமல் ஏற்றுக்கொண்ட படிவம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேட, அன்று மதியம் பழைய கட்டுகளை இறக்கினார். ஒன்றுகூட இல்லை. அடிக் கட்டில் அவருடைய சொந்தப் படிவம் கிடைத்தது. பதினைந்து வயது, வலது முட்டி, அம்மாவின் கோணல் கையெழுத்து. அதே கால் சுளுக்கிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது என்று மேலே வேறொரு கையெழுத்தில் இருந்தது. எழுதிய எவரும் அதை ஒரு காரணமாக நினைக்கவில்லை.

ஊதா மை தாளின் பின்பக்கம் வரை ஊறியிருந்தது. அதைப் பார்க்கத்தான் திருப்பினார். பின்பக்கத்தில் அச்சடித்திருந்தது: 'பெற்றோர் குறிப்பு.' கீழே ஐந்து கோடுகள். வெறுமை.

அடுத்ததைத் திருப்பினார். வெறுமை. பதினோரு வருடத்தில் தான் முத்திரை அடித்த முந்நூற்றுப் பன்னிரண்டையும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒரு கோட்டில்கூட ஓர் எழுத்து இல்லை. அவரே இதுவரை திருப்பிப் பார்த்ததில்லை, அவர் நிரப்ப வேண்டியதெல்லாம் முன்பக்கத்திலேயே முடிந்துவிடும். பெற்றோர் யாரும் ஏன் எழுதவில்லை என்று அப்போது புரிந்தது. அலுவலகத்தில் படிவத்தை எப்போதும் அட்டையில் கிளிப் போட்டுத்தான் நீட்டுவார்கள். பேனா முனையால் ஓர் இடத்தைத் தொட்டு, "இங்க" என்பார்கள். பதறி ஓடிவந்த அப்பாவும் அம்மாவும் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

மறுநாள் காலை ஸ்பிரிங்கின் அப்பா கையெழுத்துப் போட வந்தார். லிப்ட் மெக்கானிக். விரல் இடுக்கில் கிரீஸ், தோளில் கருவிப் பை. குனிந்து வேலை செய்து பழகியவர், கூரையில் இடிக்காமல் உள்ளே வந்த முதல் பெற்றோர்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நிஜமாவே எம் பொண்ணு கவனமில்லாமத்தான் ஓடினாளா? வீட்டுல அழுதுகிட்டே இருக்கா. நானும் அன்னிக்குக் கோவத்துல, பார்த்து ஓடக் கூடாதான்னு கத்திட்டேன்."

"உங்க வேலையில ஒரு லிப்ட் நடுவுல நின்னுட்டா என்ன எழுதுவீங்க?"

"என்ன பழுதுன்னு எழுதுவோம். எந்தக் கயிறு, எந்த பிரேக், கடைசியா எப்போ பார்த்தோம்னு."

"உள்ள மாட்டிக்கிட்டவரோட கவனக்குறைவுன்னு எழுத மாட்டீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "எழுதினா என்னைச் செருப்பால அடிப்பாங்க." சிரிப்பு பாதியில் நின்றது. அவர் பார்வை மேசைமேல் இருந்த முத்திரைக்குப் போனது.

அக்கா கிளிப்பை எடுத்துத் தாளை உருவினார். "இதை நான் அடிச்சுத்தான் ஆகணும். இல்லைன்னா பாப்பாவோட வருஷம் போயிடும். உங்க கண்ணு முன்னாடியே அடிக்கிறேன், என்னைத் திட்டிக்குங்க." அடித்தார். ஊதா, கட்டத்துக்குள் கச்சிதமாக. பிறகு தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். "அந்தப் பக்கம் என்னுது. இந்தப் பக்கம் உங்களுது."

அவர் பழுது பார்க்க வந்த இடத்தில் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார். என்றைக்கு முதல் அடி? யார் பார்த்தது? என்ன சோதனை செய்தீர்கள்? ஷூ? அக்கா நோட்டைப் பார்த்துச் சொன்னார். வேலைப் பதிவேட்டில் எழுதிப் பழகிய கொட்டை எழுத்தில் அவர் ஐந்து கோட்டையும் நிரப்பினார்.

'என் மகள் கவனமாகத்தான் ஓடினாள். சுளுக்கி ஒன்பது நாளே ஆன, ஆறாத காலில் ஓட அனுப்பப்பட்டாள். முதலுதவி அறை மறுத்தது. அவள் போட்டிருந்தது பள்ளியின் ஏழு சைஸ் ஷூ, அவள் கால் ஐந்து. இந்த ஷூவைக் கடைசியாகச் சோதித்த தேதி எனக்கு வேண்டும்.'

தலைமையாசிரியை முன்பக்கத்தில் முத்திரையைப் பார்த்துத் திருப்தியாகப் பேனாவை எடுத்தார். "பின்னாடியும் இருக்கு மேடம்" என்றார் மெக்கானிக். திருப்பினார். நெடுநேரம் படித்தார், ஐந்து வரிக்கு அது அதிகம்.

"இதை யார் உங்களை எழுதச் சொன்னது?"

"படிவமே எழுதச் சொல்லுதே மேடம். கோடெல்லாம் போட்டு வச்சிருக்கீங்க."

பெற்றோர் கையெழுத்துப் போட்டதைத் திருப்பி அனுப்ப எந்த விதியும் இல்லை. பதிவாகிவிட்டது. ஸ்பிரிங் இப்போது காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு தேர்வு எழுதுகிறாள். மறுபடி ஓடுவாளா என்று யாரும் சொல்லவில்லை. அழுகை மட்டும் நின்றிருக்கிறது. அப்பா எழுதியதை அவள் படித்துவிட்டாள்.

வெற்றி என்று கைதட்டிவிடாதீர்கள். ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தத்தை அக்காவுக்கு மூன்று மாதத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்கள். முத்திரை இன்னும் அதே இழுப்பறையில், மைப்பெட்டி புதிது. ஒரு நாள் மாஸ்டர் வந்து, கதவைச் சாத்திவிட்டு, அந்த ஷூ பெட்டியின் சாவியை மேசையில் வைத்தார். "பூட்டிட்டேன்க்கா. என்கிட்ட இருந்தா யாராவது கேப்பாங்க, நானும் குடுத்துடுவேன். உங்ககிட்டயே இருக்கட்டும்." பிறகு வந்த சுவடு தெரியாமல் போய்விட்டார்.

தன் பழைய படிவத்தை அக்கா ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டினார். அம்மா தன் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். பன்னிரண்டு நாள் என்ற வரியை மகள் படித்துக் காட்டினார். பிறகு தாளைத் திருப்பினார்.

"இதுக்குப் பின்பக்கம் ஒண்ணு இருந்துச்சா?" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் 'பார்த்து ஓடியிருந்தா' என்று சொல்லவில்லை. முட்டி மட்டும் வழக்கம்போல் படியில் பூட்டிக்கொள்கிறது.

உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் ஒரு படிவம் இருக்கும். நிறம் வேறாக இருக்கலாம், மை வேறாக இருக்கலாம். ஒரு நாள் அதை அட்டையில் கிளிப் போட்டு உங்கள் முன் நீட்டுவார்கள். பேனா முனை ஓர் இடத்தைக் காட்டும். அப்போது அவசரப்படாதீர்கள். கிளிப்பை எடுங்கள். தாளைத் திருப்புங்கள். முன்பு அடிபட்டு எத்தனை நாள் ஆனது, காலில் இருந்தது யாருடைய ஷூ, பிள்ளை எவ்வளவு தூங்கியது, யார் ஓடச் சொன்னது என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டு, கேட்டதை அப்படியே எழுதுங்கள். பின்பக்கத்தில் கோடு இல்லையென்றால் நீங்களே ஒரு கோடு போட்டு எழுதுங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.